கல்வெட்டிலும் உண்டு திருத்தம்!

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் அட்டையும் சார்ட்டுமாக வளர்ந்த ஒரு மாணவி, தன் வகுப்பறைகளைத் திரும்பிப் பார்க்கிறார்.

“விரலை நல்லா விரிடா... அஞ்சும் தெரியணும்!”

சமூக அறிவியல் சாரின் குரல் வேப்பமரத்தடி வரை கேட்டது. மத்தியஸ்தர் வேடத்தில் நின்ற எங்கள் வகுப்புப் பையன் உள்ளங்கையை விரித்து நீட்டினான். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டி வந்திருந்த குட்டிப் பையன் குடத்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, ஓர் ஓலைத் துண்டை எடுத்து அந்தக் கையில் வைத்தான். குடம் சத்துணவுக் கூடத்தில் இரவல் வாங்கியது. ஓலை ஏரிக்கரைப் பனையில் வெட்டியது. வருடம் 2013. நாங்கள் ஏழாம் வகுப்பு. பாடம், சோழர் ஆட்சி.

அதற்கு முந்தைய வாரம்தான் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்திருந்தோம். எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த மண்டபத்துச் சுவரில்தான் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரை 30 குடும்புகளாகப் (வார்டுகளாகப்) பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். “ஏன் சார்?” என்று ஒருவன் கேட்டான். “கையை மூடிக்கினு வா, சொல்றேன்” என்றார் சார். அவன் மூடிய கைக்குள் ஒரு சாக்பீஸ் துண்டைத் திணித்துவிட்டு, “இப்ப உன் கையில இருக்கறது யாருக்குத் தெரியும்?” என்றார். புரிந்துவிட்டது.

அந்தப் பாடத்தில் எழுதிய ஐந்து மதிப்பெண் விடை ஒன்றுகூட எனக்கு இன்று நினைவில்லை. அந்த மூடிய கை நினைவிருக்கிறது.

அட்டைக் காலம்

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2007 ஜூனில். செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் வந்த ஆண்டு அது. எங்களுக்குப் பெஞ்சு கிடையாது, பாய்தான். டீச்சரும் எங்களோடு தரையில் உட்காருவார். அம்மா அதை ஒரு குறையாகவே ஊரெல்லாம் சொன்னார். “டீச்சருக்குக் கூட நாற்காலி இல்ல. அட்டைய வச்சிகினு விளையாடினா படிப்பு எங்கருந்து வரும்?”

அட்டை என்பது சும்மா அட்டையில்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்னப் படமும் எண்ணும் இருக்கும். அதே படம் சுவரில் தொங்கும் ஏணியிலும் இருக்கும். ஏணியில் நான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய தட்டிலிருந்து அட்டையை எடுத்து, எந்தக் குழுவில் உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்கார வேண்டும். டீச்சர் முழுக்கச் சொல்லித் தரும் குழு ஒன்று. கூடப் படிக்கிறவர்கள் சொல்லித் தரும் குழு ஒன்று. தானாகவே படிக்கும் குழு ஒன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை எல்லோரும் கலந்துதான் இருப்போம். எனக்குக் கழித்தல் கணக்கில் கடன் வாங்கச் சொல்லிக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு அக்கா ஒருத்தி. “பக்கத்து வீட்ல போய் பத்து கேளு, அவங்க குடுப்பாங்க” என்பாள். இன்றைக்கும் கழித்தல் போடும்போது அந்தப் பக்கத்து வீடு என் மனசில் வந்துபோகிறது.

சுவரைச் சுற்றி எங்கள் இடுப்பு உயரத்தில் தாழ்வான கரும்பலகை. ஆளுக்கொரு கட்டம், அதில் அவரவர் பெயர். தலைக்கு மேல் கம்பிப் பந்தல். நாங்கள் வரைந்ததெல்லாம் அதில் தொங்கும். வருகைப் பதிவைக்கூட நாங்களே போட்டுக்கொள்வோம். பல் துலக்கினோமா, நகம் வெட்டினோமா என்பதற்கு ஆரோக்கியச் சக்கரம். அதில் நான் பலமுறை பொய் சொல்லியிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கட்டத்தில் எழுதியது தப்பென்றால் உள்ளங்கையால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். யாரும் சிவப்பு மையில் கோடு போட மாட்டார்கள். அதன் அருமை அப்போது தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பில் மையால் எழுதத் தொடங்கியதும், “அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறைக்கப்படும்” என்ற வாசகம் காதில் விழுந்ததும்தான் தெரிந்தது.

எங்கிருந்து வந்தது இந்த முறை?

இதன் கதை வேலூரில் ஆரம்பிக்கிறது. 1990-களில் அங்கே கலெக்டராக இருந்த எம்.பி.விஜயகுமார், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளைப் படிக்க வைக்க முயன்றார். பத்து வயதில் முதல்முறையாகப் பள்ளிக்குள் வரும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? வகுப்பை வைத்துப் பாடம் நடத்தினால் அந்தப் பிள்ளை ஓடிவிடும். பிள்ளையை வைத்துப் பாடம் நடத்தினால் நிற்கும். அதற்கு வழி, ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ஜே.கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலிப் பள்ளியில் கிடைத்தது. அதைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் ஏணியும் அட்டையும் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தன. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரானதும், ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பழக்கி, 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். பிறகு அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-08-இல் அது சுமார் 37,000 பள்ளிகளுக்குப் பரவி, எங்கள் ஊர்ப் பாய்க்கும் வந்து சேர்ந்தது.

பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்லித் தருவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்தது அதைத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இந்த ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் பெரிய ஆசிரியர்கள் அதைச் செய்ய முன்வராதபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டிவிட்டான். 1797-இல் பெல் அதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளெங்கும் போனது. நம் மணல் கப்பலேறி முறையாகிவிட்டது. நாம்தான் அதைப் பழசென்று கொட்டிவிட்டோம்.

எங்கள் வாரியமும் எங்கள் விதியும்

மறுபடி ஏழாம் வகுப்புக் குடத்துக்கு வருகிறேன். ஓலை எழுதுவதற்கு முன் சார் கல்வெட்டில் உள்ள தகுதிகளைப் படித்துக் காட்டினார். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது.

கடைசி வரிசையில் இருந்த என் தோழி எழுந்தாள். “சார், பொண்ணுங்க பேரு எழுதுவாங்களா?”

“இல்லம்மா.”

“எங்கப்பா பேரு?”

“நிலம் இருக்கா?”

“இல்ல சார். கூலிக்குப் போறாரு.”

“அப்ப எழுத மாட்டாங்க.”

அவள் உட்காரவில்லை. சார் கொஞ்ச நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸை அவளிடமே நீட்டினார். “அவங்க விதி அது. நம்ம வகுப்புக்கு நம்ம விதிய நாமதான் எழுதணும். வா, எழுது.”

இரண்டு பீரியட் சண்டை போட்டோம். மூன்று வாரியங்கள் முடிவாயின. தண்ணீர் வாரியம் பானையை நிரப்பும். தோட்ட வாரியம் வாழைக்கும் கீரைக்கும் தண்ணீர் ஊற்றும். நூலக வாரியம் புத்தகம் கொடுத்து வாங்கும். பெண், பையன் எல்லோருக்கும் ஓலை உண்டு. ஆனால் நாங்கள் ஒரு தகுதி வைத்தோம்: முதல் பத்து ரேங்குக்குள் இருப்பவர்கள் மட்டும். அது யாருடைய யோசனை என்று சொல்ல வேண்டுமா? என்னுடையதுதான். நான் இரண்டாவது ரேங்க். சார் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் கீரை காய்ந்தது. பானையில் பாதி நாள் தண்ணீர் இல்லை. ரேங்க் வாங்கியவர்களுக்கு டியூஷன் இருந்தது. சார் மறுபடி எங்களைக் கூட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கோயில்ல ஒரே விஷயத்துக்கு ரெண்டு கல்வெட்டு இருக்கே, ஏன்னு யாராவது யோசிச்சீங்களா?”

கி.பி. 919-இல் ஒன்று, 921-இல் ஒன்று. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. முதலில் போட்ட விதியை இரண்டே ஆண்டில் திருத்திவிட்டார்கள். “பெரிய மனுஷங்க, கல்லுலயே வெட்டினாங்க. அவங்களே மாத்திக்கிட்டாங்க. நீங்க சாக்பீஸ்ல எழுதினதுக்கு என்ன?” என்றார்.

ரேங்க் விதியை அழித்தோம். கணக்கு விதியை எழுதினோம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒவ்வொரு வாரியமும் என்ன செய்தது, எதைச் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் ஓலை அடுத்த முறை குடத்துக்குப் போகாது.

கடைமடைக்காரன்

அதே வருடம் எங்கள் ஊர் ஏரியை வரைந்து சார்ட் செய்யச் சொன்னார்கள். ஆறு பேர் கொண்ட குழு. எங்கள் குழுவில் வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா ஏரியில் மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். வகுப்பில் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கியவன், ஏரிக்கரையில் கால் வைத்ததும் வேறு ஆளாகிவிட்டான். எத்தனை மதகு, எந்த மதகுத் தண்ணீர் யார் வயலுக்குப் போகும், கலங்கல் எப்போது வழியும், கரையில் எந்த இடம் கசியும் என்று விரல்விட்டுச் சொன்னான். “தண்ணி கம்மியா இருந்தா கடைமடைக்குத்தான் மொதல்ல வுடணும்னு எங்கப்பா சொல்லுவாரு. கிட்ட இருக்கறவன் எப்படியும் எடுத்துக்குவான்” என்றான்.

அவன் சொன்னதையெல்லாம் நான் அழகான கையெழுத்தில் எழுதினேன். கீழே பெயர் எழுதும் இடத்தில், எழுதியவர், வரைந்தவர், வண்ணம் தீட்டியவர் என ஐந்து பெயர்கள். அவன் பெயர் இல்லை. வேண்டுமென்றே விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் ‘எதுவும் செய்யவில்லை’ என்று நிஜமாகவே நினைத்தேன். அவன் பேசத்தானே செய்தான்?

வெள்ளிக்கிழமை கணக்குச் சொல்லும்போது சார் கேட்டார், “கடைமடை விஷயம் யாருக்குத் தெரிஞ்சுது?” எல்லோரும் அவனைப் பார்த்தோம். சார்ட்டில் என் பெயரைப் பேனாவால் அடித்து, அதற்கு மேலே அவன் பெயரை எழுதி, என் பெயரைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அந்த அடித்தல் திருத்தலோடுதான் அது வருடம் முழுக்கச் சுவரில் தொங்கியது. கூடிப் படிப்பது பற்றி நான் கற்றது அந்த ஒரு கோட்டில்தான் இருக்கிறது.

குழு என்று உட்கார வைத்தால் போதும், எல்லோரும் கற்பார்கள் என்று நினைப்பது ஏமாற்று. கூட்டாஞ்சோறு ஆக்கிய பிள்ளைகளுக்கு இது தெரியும். ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருத்தன் விறகு. எல்லாவற்றையும் ஒரே வீட்டிலிருந்து கொண்டு வந்தால் அது கூட்டாஞ்சோறு ஆகாது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் 1971-இல் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் முதல்முறையாக ஒன்றாக அமர்ந்து அடிதடியில் இறங்கியபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றவர் துண்டைக் கேட்டு வாங்காமல் யாராலும் பாடத்தை முடிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவன் பேச்சைக் கவனித்தே ஆக வேண்டிய நிலை வந்தது. ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்து கிடக்கும் நம் கிராமங்களில், ஒரே பாயில் உட்கார்ந்து ஒருவர் அட்டையை ஒருவர் வாங்கிப் படித்ததன் மதிப்பு எந்தத் தேர்விலும் வராது. எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்கத் தயங்கியவளிடம்தான் நான் கழித்தலுக்குக் கடன் வாங்கக் கற்றேன்.

கடையில் வாங்கிய செயல்பாடு

எல்லாம் இப்படியே இருந்துவிடவில்லை. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பருவத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40. அதில் பாதி செயல்பாடுகளுக்கு. நோக்கம் நல்லது. ஆனால் மதிப்பெண் என்று வந்ததுமே அதற்கொரு கடையும் வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில், பாடத்தின் பெயரைச் சொன்னால் போதும், படத்தோடு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். தெர்மாகோல் எரிமலையும் சூரியக் குடும்பமும் ரெடிமேடாகத் தொங்கின. இரவு பதினொரு மணிக்கு அம்மாக்கள் ஃபெவிகால் ஒட்டினார்கள். ஒரே எரிமலை அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்து, மறுபடி வண்ணம் பூசிக்கொண்டு மறுபடி இருபது மதிப்பெண் வாங்கியது.

அந்தச் சார்ட்டுகளில் ஒரு பிழை இருக்காது. அதுதான் அவற்றின் பிழை.

ஆசிரியர்களையும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வராது. நாலு வகுப்புக்கு ஒரே டீச்சர் என்றால், ஏணியில் ஏறத் தெரிந்தவன் ஏறிக்கொண்டே போவான். தெரியாதவன் முதல் படியிலேயே உட்கார்ந்திருப்பான். அதற்கு மேல் பதிவேடுகள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் இந்தக் கதவும் சாத்தப்பட்டது. பத்தாம் வகுப்பு முழுக்கப் பழைய வினாத்தாள்தான். நான் தேர்வெழுதிய 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நிம்மதியாக இருந்தது. ஆனால் எங்கள் வகுப்பறையில் எங்களுக்குள் பேசிக் கற்கும் வழக்கம் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

அக்கா ஆன கதை

கொரோனாவில் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதையொட்டி ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் வந்தது. முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, மாலை நேரத்தில் இருபது பிள்ளைகள் வரை. கல்லூரியில் படித்துக்கொண்டே நானும் தன்னார்வலரானேன்.

முதல் வாரம் நான் செய்தது என்ன தெரியுமா? “கையைக் கட்டு, வாயைப் பொத்து.” என் டீச்சர் ஒருநாளும் சொல்லாததை நான் சொன்னேன். சத்தம் வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்ற பயம்தான்.

அதில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். ஒன்றாம் வகுப்பு முடியும் முன்பே பள்ளி மூடியதால் எழுத்தே கூடவில்லை. ஒருநாள் காலி மசாலா பாக்கெட்டுகள், உப்பு உறை, பிஸ்கட் காகிதம் எல்லாம் கொண்டுவரச் சொல்லித் திண்ணையில் கடை வைத்தோம். நான்காம் வகுப்புப் பெண் கடைக்காரி. பேரைப் படித்தால்தான் பொருள் கொடுப்பாள். காசு புளியங்கொட்டை. இவன் ஒரு பாக்கெட்டை எடுத்து “சிரகம்” என்றான்.

“சரியா படி.”

“சிரகம்.”

“மேல சுழி இருக்குது பாரு. இழுத்துச் சொல்லு.”

“சீ...ரகம்.”

“அஞ்சு புளியங்கொட்டை குடு.”

நான் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் அவன் பதினொரு சொல் படித்தான். நான் மூன்று வாரம் கத்தியும் வராதது. ஆசிரியர் சும்மா இருப்பதற்கும் முன்கூட்டியே வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எந்தப் பாக்கெட், யார் கடைக்காரி, யார் யாரோடு என்று முந்தின இரவு யோசித்ததுதான் மறுநாள் மாலை அந்தத் திண்ணையில் தானாக நடப்பதுபோல் நடந்தது.

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். மறுபடி பாடல், மறுபடி அட்டை, மறுபடி கம்பியில் தொங்கும் படங்கள். நான் இப்போது பி.எட். படிக்கிறேன். பயிற்சிக்குப் போகும் பள்ளிகளில் நல்ல ஆசிரியர்களைப் பார்க்கிறேன். அவர்கள் கையில் செல்போனைக் கொடுத்து, நடந்த செயல்பாட்டைப் படமெடுத்து ஏற்றச் சொல்வதையும் பார்க்கிறேன். படம் எடுப்பதற்காகக் கைதூக்கச் சொன்ன வகுப்பில், கேள்வி கேட்பதற்காகத் தூக்கிய கை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோர்கள் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கூட்டத்துக்குப் போனால் கட்டடம், கழிப்பறை, தண்ணீர் பற்றிக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அதோடு வகுப்பறைக்குள்ளும் ஒருமுறை நுழைந்து சுவரைப் பாருங்கள். சார்ட் அச்சடித்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அதற்கு மயங்காதீர்கள். ஓரத்தில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு இன்னொரு பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, ஒரு கணக்கு அழிக்கப்பட்டுத் திரும்பப் போடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அங்கே பிள்ளைகள் கூடிப் படிக்கிறார்கள் என்று நம்பலாம். ஆசிரியரிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது: “இதுல எது புள்ளைங்க முடிவு பண்ணது?”

உத்திரமேரூர் பக்கம் வந்தால் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தையும் பாருங்கள். 921-இல் புது விதி வெட்டியவர்கள், 919-இல் வெட்டிய பழைய விதியைச் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டும் இன்றும் அதே சுவரில் இருக்கின்றன.